சங்கேதத்தை உடைக்கும் இலக்கணம்

பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் ஒரு கட்டுச் சங்கேதக் கடிதங்கள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. எழுத்துகளுக்குப் பதிலாகக் குறிகள். எழுதியவர் பெயர் இல்லை, பெறுபவர் பெயர் இல்லை, தேதியும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் முதற்பாதி, இத்தாலிய விவகாரங்கள் என்று நூலகப் பட்டியல் வகைப்படுத்தியிருந்தது. ஜார்ஜ் லாஸ்ரி என்ற கணினியாளரும், நோர்பர்ட் பியர்மன் என்ற இசைக் கலைஞரும், சதோஷி டொமோகியோ என்ற ஜப்பானியரும் அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, பட்டியலை நம்பி, இத்தாலிய மொழிக்கான தேடலை ஓட்டினார்கள். ஒன்றும் தேறவில்லை. மொழியைப் பிரெஞ்சு என்று மாற்றியதும் துண்டு துண்டாகச் சொற்கள் எழுந்தன.

அந்தத் துண்டுகளில் முதலில் கவனத்தை இழுத்தவை விகுதிகள். பிரெஞ்சில் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரடைகூட ஆண்பால், பெண்பால் காட்டும். இவை பெண்பாலில் இருந்தன. எழுதியவர் ஒரு பெண். தன் விடுதலையைப் பற்றிப் பேசுகிறார், தன் மகனைப் பற்றிப் பேசுகிறார். சிறையிலிருக்கும் ஒரு தாய். பிறகு எலிசபெத் அரசியின் ஒற்றர் தலைவரான வால்சிங்கத்தின் பெயர் வந்தது. அதற்குமேல் ஐயத்துக்கு இடமில்லை. அவை ஸ்காட்லாந்து அரசி மேரி 1578 முதல் 1584 வரை இங்கிலாந்துச் சிறைவாசத்தில் எழுதியவை. பெரும்பாலானவை பிரெஞ்சுத் தூதர் காஸ்தெல்நோவுக்குப் போனவை. 57 கடிதங்கள், சுமார் 50,000 சொற்கள். 2023 பிப்ரவரியில், மேரியின் தலை வெட்டப்பட்டு 436 ஆண்டுகள் நிறைந்த நாளில், கண்டுபிடிப்பு வெளியானது.

மேரியின் சங்கேதம் எளிய வகை அல்ல. ஒரே எழுத்துக்குப் பல குறிகள், சில முழுச் சொற்களுக்குத் தனிக் குறிகள் என்று பின்னப்பட்டது. ஆனால் அதைத் திறந்த முறை மிக எளிய சங்கேதத்தைத் திறக்கும் முறையின் நீட்சிதான். அந்த எளிய வகையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ஒவ்வோர் எழுத்துக்கும் இன்னோர் எழுத்தை வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை அதை மாற்றாமல் எழுதுவது. பள்ளிப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் செய்வதும் அதையே.

பார்த்தால் பலமான பூட்டு. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை எத்தனை விதமாக இடம் மாற்றி அடுக்கலாம் என்று கணக்கிட்டால் 403 எழுதி அதன் பின்னே 24 சுழியம் போடும் அளவுக்கு வரும். ஒரு நொடிக்கு நூறு கோடிச் சாவிகளைப் போட்டுப் பார்க்கும் கணினிக்கும் அத்தனையையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 1,280 கோடி ஆண்டுகள் பிடிக்கும். பிரபஞ்சத்தின் வயதை நெருங்கும் காலம். இவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டும் இந்தச் சங்கேதம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உடை மாற்றி வேஷம் போட்டவனை நடையைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவதுபோல, எழுத்துகளின் முகங்கள் மாறினாலும் மொழியின் நடை அப்படியே இருக்கிறது. எது அடிக்கடி வரும், எது எதன் பக்கத்தில் நிற்கும், எது சொல்லின் முதலில் வராது, எது இறுதியில் வராது என்பவை எந்தச் சாவிக்கும் கட்டுப்படாதவை. இவற்றைத் தொகுத்து வைத்திருப்பவர் இலக்கணக்காரர். சங்கேதத்தை உடைக்கும் கலையின் முதல் ஆசிரியர்களும் இலக்கணக்காரர்களே என்பது என் கருத்து. எண்ணிக் கணக்கிடுவோர் அவர்கள் பின்னால் வந்தார்கள்.

8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மதை இதற்குச் சாட்சியாக அழைக்கலாம். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர்; அரபின் முதல் அகராதியைத் திட்டமிட்டவர். அந்த அகராதிக்காக அரபு மெய்களை மூன்று மூன்றாக, நான்கு நான்காகச் சேர்த்து, எந்தச் சேர்க்கை மொழியில் உண்டு, எது வாயிலேயே வராது என்று சல்லடை போட்டவர். அவரிடம் கிரேக்க மொழியில் ஒரு சங்கேதக் கடிதம் வந்ததாகவும், கடவுளின் பெயரால் என்றுதான் எவரும் கடிதத்தைத் தொடங்குவார்கள் என்று ஊகித்து, அந்த முதல் வரியைக் கொண்டே ஒரு மாதத்தில் மீதியைப் படித்ததாகவும் பழைய அரபு நூல்கள் சொல்கின்றன. சங்கேதம் பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார், அது அழிந்துபோனது.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அல்-கிந்தியுடையது. 9ஆம் நூற்றாண்டு பாக்தாத். தத்துவம், மருத்துவம், இசை, வானியல் என்று ஏராளமாக எழுதிக் குவித்தவர். சங்கேதங்களை வெளிக்கொணர்தல் பற்றிய அவரது சுவடி இஸ்தான்புல்லின் சுலைமானியா நூலகத்தில் இருந்து கிடைத்து, 1987இல் டமாஸ்கஸில் அச்சேறியது. முறையை அவர் நேரடியாகச் சொல்கிறார். சங்கேதம் எந்த மொழியில் என்று தெரிந்தால், அந்த மொழியில் சாதாரணமாக எழுதிய ஒரு நீண்ட பகுதியை எடுத்துக்கொள். ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரிசைப்படுத்து. சங்கேதக் குறிகளையும் அதேபோல் எண்ணு. முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு பொருத்திப் பார். அவரே எண்ணியும் காட்டினார். 3,667 எழுத்துகள் கொண்ட அரபுப் பகுதியில் அலிஃப் 600 முறை, லாம் 437 முறை.

வரலாற்று நூல்கள் அல்-கிந்தியைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக இந்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகின்றன. அது அவருக்குச் செய்யும் குறை. அதே நூலில் அவர் இன்னொரு பட்டியலும் தருகிறார்: அரபுச் சொல்லில் எந்த எழுத்து எந்த எழுத்தோடு சேராது என்பது. கலீல் தொடங்கி வைத்த அந்தச் சேர்க்கைக் கணக்கு இங்கே ஆயுதமாகிறது. எண்ணிக்கை வாசலைக் காட்டும். உள்ளே போவதற்கு இந்தப் பட்டியல்தான் வேண்டும். காரணம் எளிது. முதலிடத்தில் இருக்கும் எழுத்து பெரும்பாலும் முதலிடத்தில்தான் இருக்கும். ஐந்தாவதும் ஆறாவதும் ஏழாவதும் ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் இடையே இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு எட்கர் ஆலன் போவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஃபிலடெல்பியாப் பத்திரிகை ஒன்றின் 100 டாலர் பரிசை வென்ற 'தங்க வண்டு' கதை 1843இல் வந்தது. கடற்கொள்ளையன் புதைத்த செல்வத்துக்கு வழிசொல்லும் சங்கேதத்தைக் கதாநாயகன் உடைக்கிறான். ஆங்கில எழுத்துகளின் வரிசை என்று போ அங்கே ஒரு பட்டியல் தருகிறார். அதில் 'டி' என்ற எழுத்து பத்தாம் இடத்தில் இருக்கிறது. உண்மையில் 'இ'க்கு அடுத்து இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டியது அது. வேடிக்கை என்னவென்றால், கதையில் வரும் சங்கேதத்திலேயே அது இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது: 'இ'க்குரிய குறி 33 முறை, 'டி'க்குரிய குறி 26 முறை. பட்டியல் தப்பு, புதிர் சரி. அப்படியும் கதாநாயகன் தடுமாறவில்லை. ஏனென்றால் முதல் எழுத்தைத் தாண்டியபின் அவன் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மூன்று குறிகள் ஒரே வரிசையில் ஏழு முறை சேர்ந்து வருவதைக் கவனிக்கிறான். ஆங்கிலத்தில் அப்படித் திரும்பத் திரும்ப வரும் மூன்றெழுத்துச் சொல் 'த' என்று ஒலிக்கும் அந்தச் சுட்டுச்சொல்தான். மூன்று எழுத்துகள் ஒரே வீச்சில் கிடைத்துவிட, மீதி தானாக அவிழ்கிறது. போ தன்னை அறியாமலே எண்ணிக்கையின் இடத்தை அளந்து காட்டிவிட்டார்.

எண்ணிக்கையைக் குழப்ப முடியும் என்பது சங்கேதம் எழுதியவர்களுக்கும் வெகு காலமாகத் தெரியும். 1401இல் மாண்டுவா அரசவையினர் ஒரு கடிதப் போக்குவரத்துக்காகத் தயாரித்த பட்டியலில் உயிரெழுத்துகளுக்கு மட்டும் பல குறிகள் தரப்பட்டிருக்கின்றன. அடிக்கடி வருவதைப் பங்கிட்டு மறைக்கும் தந்திரம். இப்படிச் செய்தால் எண்ணிக்கை மட்டமாகிவிடும், சேர்க்கை மட்டமாகாது. 1969இல் கலிபோர்னியாவில் ஒரு தொடர் கொலைகாரன் பத்திரிகைகளுக்கு அனுப்பிய 408 குறிகள் கொண்ட சங்கேதம் இந்த வகையைச் சேர்ந்தது. அதை உடைத்தவர்கள் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும்: டொனால்ட் ஹார்டன், பெட்டி ஹார்டன். தற்பெருமைக்காரன் 'நான்' என்றே தொடங்குவான், கொலையைக் குறிக்கும் சொல்லை எப்படியும் எழுதியிருப்பான் என்று மனைவி ஊகித்தார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் இறுதியில் ஒரே எழுத்து இரட்டிக்கும். இரட்டைகளைத் தேடிப் பிடித்தார்கள். கலீல் தேடிய முதல் வரியும் இதுவும் ஒரே உத்திதான்.

தமிழில் எழுதிய சங்கேதத்துக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? நம்மிடம் 247 எழுத்து இருக்கிறதே, அதனால் உடைக்க முடியாது என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உயிர்மெய் ஒவ்வொன்றையும் தனிக் குறியாக்கினால் வேலை கூடும் என்பது மெய். எண்ணிக்கை பல குறிகளில் சிதறிப்போகும், நீளமான கடிதம் தேவைப்படும். ஆனால் தமிழின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. சங்கேதக்காரனுக்குப் பலவீனம், நமக்குச் செல்வம்: மெய்ம்மயக்கம்.

எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் தொடக்கத்திலேயே வகுத்துவிடுகிறது. க், ச், த், ப் என்ற நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே சேரா, பிறவற்றோடுதான். மற்றவை இரண்டு விதமாகவும் வரும். ங் நின்றால் அடுத்தது க. மெல்லினமும் அதற்கு இனமான வல்லினமும் ஜோடியாகத் திரியும்: ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளுக்கும் இறுதியில் வரும் எழுத்துகளுக்கும் தனிப் பட்டியல்கள் உண்டு. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது. சந்தியில் தோன்றும் ஒற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அல்-கிந்தியின் இரண்டாவது பட்டியலுக்கு ஈடான ஒன்றை நம் இலக்கணம் எப்போதோ செய்து வைத்திருக்கிறது, சங்கேதம் என்ற நினைப்பே இல்லாமல்.

செய்து பார்க்கலாம். மெய்களை மட்டும் இடம் மாற்றி, உயிர்களை அப்படியே விட்டு நான் எழுதிய ஒரு சங்கேதம்:

அர்ரண் கற்லாண். னரத் ழொர்மு கற்லாண். ழிரந்நிப் இநவ்ழ கேர்மாத்.

எட்டுச் சொற்கள், 29 மெய்கள். 18 மெய்களை இடம் மாற்றும் வழிகள் சுமார் 64 கோடி கோடி. நமக்கு வேண்டியது அதில் ஒன்று.

முதலில் சொல்லின் இறுதியைப் பார்ப்போம். ண், த், ப் மூன்றும் இறுதியில் நிற்கின்றன. ஆகவே இவை எந்த மெய்யை மறைத்தாலும் வல்லினத்தை மறைக்கவில்லை. அடுத்து ர். 'அர்ரண்' என்பதில் அது இரட்டிக்கிறது. 'ழொர்மு', 'கேர்மாத்' இரண்டிலும் ம-வோடு சேருகிறது. தம்மோடும் பிறவற்றோடும் சேர்வதால் அது க், ச், த், ப் ஆக முடியாது. இரட்டிப்பதால் ர், ழ் ஆகவும் முடியாது. ஒரே அடியில் ஆறு மெய்கள் விலகிவிட்டன. இரட்டித்தும் வந்து, ஒரே துணையோடு திரும்பத் திரும்பவும் வரும் மெய்யென்றால் மெல்லினத்தின் மேல்தான் சந்தேகம் விழும். 'அர்ரண்' என்பது அம்மன் ஆகலாம், அண்ணன் ஆகலாம். ம் என்று வைத்தால் ஜோடி ம்ப. 'ழொர்மு' கொம்பு ஆகும், 'கேர்மாத்' எதுவாகவும் ஆக மறுக்கிறது. ண் என்று வைத்தால் ஜோடி ண்ட. கொண்டு என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. இரண்டும் சரளமாக வந்து உட்காருகின்றன.

இனி ஓட்டம்தான். கே என்பது வே என்றால் 'கற்லாண்' என்பது வ-வில் தொடங்கி, அண்ணனின் ன்-னில் முடிகிறது. நடுவே ஒரு ஜோடியும் ஆகாரமும்: வந்தான். 'னரத்' என்பதற்கு இறுதி ண-வும் ம்-மும் தெரியும்: பணம் அல்லது மணம் அல்லது கணம், ம-வும் க-வும் முன்பே இடம் பிடித்துவிட்டன, எனவே பணம். 'ழிரந்நிப்' கிண என்று தொடங்கி நடுவில் ஒன்று இரட்டிக்கிறது: கிணற்றில். 'இநவ்ழ' என்பதில் க-வுக்கு முன் நிற்பது ங்: இறங்க. அண்ணன் வந்தான். பணம் கொண்டு வந்தான். கிணற்றில் இறங்க வேண்டாம்.

உயிர்களையும் மறைத்திருந்தால் இவ்வளவு சுருக்கில் முடிந்திருக்காது. பத்து மடங்கு நீளமான கடிதம் கேட்டிருப்பேன். வழி அதேதான். உயிர் எது, மெய் எது என்று பிரிப்பதற்கும் ஓர் உபாயம் உண்டு. 1962இல் சோவியத் மொழியியலாளர் போரிஸ் சுகோதின் சொன்னது. எந்த மொழியிலும் உயிர் பெரும்பாலும் மெய்யின் பக்கத்தில் நிற்கும், இன்னோர் உயிரின் பக்கத்தில் அல்ல. அதிகமான அண்டை வீட்டார் உள்ள குறியை உயிர் என்று எடுத்துக்கொள், அதன் அண்டையார் கணக்கைக் கழி, மீண்டும் பார். மொழியே தெரியாதவர்கூட இதைக் காகிதத்தில் செய்யலாம். உயிரும் மெய்யும் மாறி மாறி வரும் தமிழ் போன்ற மொழி இதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும்.

இன்றைய தமிழ் எழுதுபவன் தப்பிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறான். டாக்டர் வந்தார் என்று எழுதியிருந்தால் க்-கும் ட-வும் சேர்ந்து நின்று மேலே சொன்ன வாதத்தைக் கெடுத்திருக்கும். பஸ், பெட்ரோல், பிளாட்பாரம் எல்லாம் தொல்காப்பியருக்குக் கட்டுப்படாதவை. ஆகவே நிகழ்காலத் தமிழ்க் கடிதத்துக்குப் பழைய விதியை அப்படியே எடுக்காமல், இன்றைய பத்திரிகைகளில் இருந்து ஒரு சேர்க்கைப் பட்டியலைப் புதிதாக எண்ணி எடுக்க வேண்டும். விதிக்குப் பதில் வீதம்: இது ஒருபோதும் வராது என்பதற்குப் பதில், இது இத்தனைக்கு ஒரு தடவை வரும் என்பது.

கணினி செய்வதும் இதுவே. அது எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு சாவியில் தொடங்கும். அதில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றும். வெளிவரும் உரை முன்னைவிட அந்த மொழிபோல இருக்கிறதா என்று மதிப்பெண் போடும். கூடினால் வைத்துக்கொள்ளும், குறைந்தால் தள்ளிவிடும். மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? அந்த மொழியில் நான்கு எழுத்துகள் எப்படியெல்லாம் அடுத்தடுத்து வருகின்றன என்று முன்பே எண்ணி வைத்த அட்டவணையில் இருந்து. நூற்றுக்கணக்கான எழுத்துகள் கொண்ட எளிய சங்கேதம் ஒரு மடிக்கணினியில் நொடிகளில் விழுந்துவிடும். பாரிஸ் கடிதங்களுக்கு இத்தாலிய அட்டவணையைக் கொடுத்தபோது எந்தச் சாவிக்கும் மதிப்பெண் ஏறாமல் போனது இதனால்தான்.

எவ்வளவு நீளம் போதும் என்ற கேள்விக்கு 1949இல் கிளாட் ஷானன் விடை தந்தார். ஆங்கிலத்தில் எளிய மாற்றெழுத்துச் சங்கேதத்துக்குச் சுமார் 25 முதல் 30 எழுத்து. அதற்குக் கீழே போனால் பொருளுள்ள வாசிப்புகள் பல கிடைக்கும். எது எழுதியவர் நினைத்தது என்று தீர்மானிக்க வழியில்லை. மேலே போனால் ஒன்றே ஒன்று நிற்கும். நடைமுறையில் கையால் உடைப்பதற்கு இதைப்போலச் சில மடங்கு வேண்டும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சிந்துவெளி முத்திரைகளைப் பார்ப்பது நல்லது. அவற்றில் ஒரு பொறிப்புக்குச் சராசரியாக ஐந்து குறிகள். குறிகள் நூற்றுக்கணக்கில். மொழி எது என்பது தீராத வழக்கு. மொழி தெரிந்து, நீளமும் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் ஒரு கருவியை, இரண்டும் இல்லாத இடத்தில் யாராவது ஓட்டினால் எந்த மொழியை வேண்டுமானாலும் அது கக்கும். சிந்து எழுத்தைப் படித்துவிட்டோம் என்று வரும் அறிவிப்புகளில் பெரும்பாலானவற்றை நான் பொறுமையின்றி மூடிவைப்பதற்குக் காரணம் இதுவே. அறிவிப்பவர் எந்த மொழிக்கு வழக்காடுகிறார் என்பது எனக்குப் பொருட்டல்ல.

பிராமி வேறு கதை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் சாஞ்சித் தூபியின் கல்வேலிகளில் இருந்த சிறு பொறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அவற்றில் மிகப் பல ஒரே இரண்டு எழுத்தில் முடிவதைக் கண்டார். கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்கள் எழுதிவைத்தது என்றால் அந்த இறுதிச் சொல் 'தானம்' ஆகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். கலீல் முதல் வரியைப் பிடித்தார், பிரின்செப் இறுதிச் சொல்லைப் பிடித்தார். த-வும் ந-வும் கிடைத்தபின் அசோகர் கல்வெட்டுகள் திறந்துகொண்டன.

அதே எழுத்தில் தமிழகக் குகைகளில் பொறித்திருந்தவை மட்டும் திறக்கவில்லை. எழுத்து தெரியும், வாசித்தால் பொருளில்லை. பிராகிருதம் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றின் மொழி தமிழ் என்று நிறுவினார். வட பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு இங்கே வடிவங்கள் இருப்பதும், பிராகிருதத்துக்கு இன்றியமையாத ஒலிப்புடை எழுத்துகள் இங்கே இல்லாததும் அவருடைய சான்றுகள். எது வருகிறது, எது வரவில்லை என்ற கணக்கு.

அப்போதும் ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. அசோகர் பிராமியில் கோடில்லாத எழுத்து அகரம் ஏறியது, பக்கக் கோடிட்டது ஆகாரம் ஏறியது. தொடக்ககாலத் தமிழ்ப் பிராமியில் கோடில்லாதது வெறும் மெய். அகரத்துக்கே கோடு போட்டார்கள். பழைய பழக்கத்தில் வாசித்தால் மெய்யில் முடியும் சொல்லெல்லாம் அகரத்தில் முடியும், அகரமெல்லாம் ஆகாரமாகும். எந்தச் சொல் மெய்யில் முடிய வேண்டும், எந்த இரு மெய் நடுவே உயிரின்றி நிற்க வேண்டும் என்பதைத் தமிழின் அமைப்பைக் கொண்டு முறைப்படுத்தியவர் ஐராவதம் மகாதேவன். மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் ராபர்ட் சூயல் 1882இல் கண்ட கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இருக்கிறது என்பதை 1960களில் அவர் இப்படித்தான் படித்துக் காட்டினார்.